கடலின் நிறமும் காலராவின் காலமும்

உலகில் ஆண்டுதோறும் 13 லட்சம் முதல் 40 லட்சம் பேர் வரை காலராவால் பாதிக்கப்படுகிறார்கள் என்றும், அவர்களில் 21,000 முதல் 1,43,000 பேர் வரை உயிரிழக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்று நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. இந்த எண்களின் அளவைவிட அவற்றுக்கு இடையேயுள்ள இடைவெளியே கூர்ந்து நோக்கத்தக்கது. இறப்பின் கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே காரணம் கண்டறியப்பட்ட, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடக்கூடிய ஒரு நோய், இன்றளவும் சரிவர எண்ணப்படவில்லை என்பதே இதன் பொருள். வாந்திபேதி என்று தமிழர் அஞ்சிய அந்நோயை, அது வரும் முன்பே அறிந்துகொள்ளும் முயற்சி இப்போது இரு துறைகளில் ஒருசேர நடைபெறுகிறது. ஆறு, ஏரி, கழிமுகம், கடல் ஆகியவற்றில் வாழும் உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் நீர்ச் சூழலியல் ஒன்று. கைபேசி, கணினி, செயற்கைக்கோள் வழியே நோயையும் நோயாளியையும் பின்தொடரும் எண்முறை மருத்துவக் கருவிகளின் துறை மற்றொன்று.

காலராவை ஒரு நீர்வாழ் உயிரியின் கதையாகப் பார்க்கத் தொடங்கியது அண்மைக்காலத்தில்தான். 1854இல் லண்டன் நகரின் பிராட் தெருவில் இருந்த கைப்பம்பு ஒன்றைச் சுற்றியே இறப்புகள் குவிந்திருப்பதை ஜான் ஸ்நோ காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஃபிலிப்போ பாசினி நோயாளிகளின் குடலில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டு பதிவு செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து ராபர்ட் கோக் கல்கத்தாவில் அக்கிருமியைத் தனித்துப் பிரித்தெடுத்தார். கல்கத்தாவின் குளம் ஒன்றின் நீரிலும் அதை அவர் கண்டார் என்றாலும், நோயாளியின் கழிவு கலந்ததால் கெட்ட குளமாகவே அது கருதப்பட்டது. மனிதக் குடலிலிருந்து வெளியேறி மற்றொரு மனிதனின் வாயை அடைவதே கிருமியின் பாதை என்றும், நீர் அதைச் சுமந்து செல்லும் ஊடகம் மட்டுமே என்றும் கொண்ட இந்தப் பார்வை பொது சுகாதாரத்துக்குப் பெரும்பயன் தந்தது. சாக்கடையையும் குடிநீரையும் பிரித்த நகரங்களில் நோய் மறைந்தது. ஆனால் ஒரு கேள்விக்கு அதனிடம் விடையில்லை. வங்காளக் கழிமுகத்தில் ஆண்டுதோறும் இளவேனிலில் ஒருமுறையும் மழைக்காலத்துக்குப் பின் ஒருமுறையும் நோய் தலைதூக்குகிறது என்றால், இடைப்பட்ட மாதங்களில் கிருமி எங்கே இருக்கிறது?

1970களில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா கோல்வெலும் அவருடைய குழுவினரும், காலரா நோயாளிகளே இல்லாத செசபீக் விரிகுடாவின் நீரிலிருந்து விப்ரியோ காலரே என்னும் அதே பாக்டீரியா இனத்தைப் பிரித்தெடுத்தபோது இக்கேள்விக்கு விடை கிடைக்கத் தொடங்கியது. ஆற்று நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் அந்த விரிகுடாவில், நீர் வெதுவெதுப்பாகவும் உவர்ப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 14 கிராம் வரையிலும் இருக்கும் இடங்களில் அது மிகுதியாகக் கிடைத்தது. குளிர்காலத்திலோ அடியோடு காணாமல் போனது. அது உண்மையில் காணாமல் போகவில்லை என்பதை 1982இல் ஹுவாய் ஷு ஷூ, கோல்வெல் முதலியோர் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. சூழல் ஒவ்வாதபோது இந்தப் பாக்டீரியா தன் வளைந்த கோல் வடிவை விட்டுச் சிறு உருண்டையாகச் சுருங்குகிறது. உயிரோடு இருந்தாலும் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் பெருக மறுக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் பச்சைநிற வளர்ப்பூடகத்தில் விப்ரியோ காலரே வளர்ந்தால், சுக்ரோஸ் சர்க்கரையை நொதிக்கச் செய்து மஞ்சள் நிறப் புள்ளிகளாகத் திரளும். உறக்கநிலையில் உள்ள செல்கள் அங்ஙனம் திரளாதபடியால், தட்டைப் பார்ப்பவர் நீரில் கிருமி இல்லை என்றே எழுதிவிடுவார். அதே நீரில் ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்புரதத்தைச் சேர்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இல்லை என்று எழுதப்பட்ட செல்கள் பச்சைநிறப் பொட்டுகளாகத் தென்படும். ஒரு நூற்றாண்டுக் காலமாக நீரில் கிருமியைத் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதற்கு இந்த உறக்கநிலையும் ஒரு காரணம்.

நீரில் அது தனித்தும் வாழ்வதில்லை. கோல்வெலின் குழுவில் இருந்த அன்வர் ஹக், 1980களின் தொடக்கத்தில், இந்தப் பாக்டீரியா துடுப்புக்காலிகள் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளின் மேல் ஒட்டி வாழ்வதைக் காட்டினார். அரிசிமணியைவிடச் சிறிதான இவ்வுயிர்கள் இறாலின் தூரத்து உறவினர். நீரோட்டத்தோடு அலையும் மிதவை உயிரிகளில் விலங்கு மிதவைகள் என்ற பிரிவைச் சேர்ந்தவை. நுண்பாசிகளான தாவர மிதவைகளை உண்பவை. இவற்றின் மேலோடு கைட்டின் என்னும் சர்க்கரைத் தொடரால் ஆனது. அதைச் சிதைக்கும் நொதிகள் விப்ரியோவிடம் இருப்பதால், ஓடு அதற்குத் தங்குமிடமாகவும் உணவாகவும் பயன்படுகிறது. வாயருகிலும் முட்டைப்பையின் மீதும் பாக்டீரியாக்கள் அடர்ந்து ஒட்டியிருக்க, ஒரே துடுப்புக்காலி 10,000 செல்கள் வரை சுமக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. வயிற்று அமிலம் குறைவாக உள்ள ஒருவருக்கு நோய் வரப் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் வரை செல்கள் போதும் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், குளத்து நீரை ஒரு குவளை அள்ளிக் குடிப்பதன் விபரீதம் புரியும். கைட்டினுக்கு இன்னொரு பங்கும் உண்டு என்று 2005இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது: அதன் மேல் வளரும்போது இந்தப் பாக்டீரியா சுற்றியுள்ள நீரில் கிடக்கும் டிஎன்ஏ துண்டுகளைத் தன்னுள் இழுத்துத் தன் மரபுப் பொருளோடு இணைத்துக்கொள்ளும் திறனைப் பெறுகிறது.

நீரில் உள்ள விப்ரியோ காலரே எல்லாம் கொள்ளைநோயைத் தருவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை அமைப்பை வைத்து இவ்வினம் இருநூறுக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஓ1, ஓ139 என்ற இரண்டு மட்டுமே பெருந்தொற்றுகளுக்குக் காரணமானவை. அவற்றிலும், குடலின் உட்சுவரிலிருந்து உப்பையும் நீரையும் கொட்டச் செய்யும் நச்சை உருவாக்கும் மரபணு இருந்தால்தான் ஆபத்து. அந்த நச்சு இருப்பதை 1959இல் கல்கத்தாவில் எளிய கருவிகளைக் கொண்டு மெய்ப்பித்தவர் சம்பு நாத் டே. அதன் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தல்ல, ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்பதை 1996இல் மேத்யூ வால்டோரும் ஜான் மெக்கலனோஸும் கண்டறிந்தனர். ஆகவே நீரில் நடக்கும் மரபணுப் பரிமாற்றம் ஏட்டளவிலான ஆர்வத்துக்குரிய செய்தியாக நின்றுவிடவில்லை. 1992 அக்டோபரில் சென்னையில் தலைகாட்டி, வங்காள விரிகுடாவின் கரையோரமாகக் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் சில மாதங்களிலேயே எட்டிய ஓ139 வகை, ஓ1 வகையொன்று தன் மேற்பரப்பு மரபணுக்களை மாற்றிக்கொண்டதால் தோன்றியதே. ஓ1க்கு எதிராக மக்கள் பெற்றிருந்த நோயெதிர்ப்பு அதன் முன் பயன்படவில்லை. குழந்தைகளைவிடப் பெரியவர்களே அப்போது அதிகமாக நோயுற்றனர்.

கிருமி மிதவை உயிரியின் மேல் இருக்கிறது என்றால், மிதவையை வடித்துவிட்டாலே நோய் குறைய வேண்டும். இந்த எளிய தருக்கத்தை வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பலமுறை துவைத்து நூல் பிரிந்து பூத்துப்போன பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் போர்த்தினால், அதன் இடைவெளி ஏறத்தாழ 20 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பாக்டீரியா அதைவிடச் சிறியது என்பதால் தனித்து மிதப்பவை கடந்துவிடும், ஆனால் துடுப்புக்காலியோடு ஒட்டியவை துணியிலேயே தங்கிவிடும். புதுப்புடவையைவிடப் பழையதே நன்றாக வடித்தது என்பதால் செலவும் இல்லை. வடித்தபின் துணியை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும், அவ்வளவுதான். 65 கிராமங்களில் ஏறத்தாழ 1,33,000 பேரிடையே நடந்து 2003இல் வெளியான அந்த ஆய்வில், புடவையில் வடித்துக் குடித்தவர்களிடையே காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே ஊர்களுக்குச் சென்று பார்த்தபோது, யாரும் வற்புறுத்தாமலே 31 விழுக்காட்டுப் பெண்கள் ஏதேனும் ஒரு வடிகட்டியைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தனர். நீர்ச் சூழலியலின் ஒரு கருத்து, ஆய்வகத்தைத் தாண்டி அடுப்படிவரை வந்து மெய்ப்பிக்கப்பட்ட அரிய நிகழ்வு இது. செயற்கைக்கோள் கணிப்புகள் எவற்றுக்கும் இவ்வளவு நேரடியான சோதனை இன்னும் வாய்க்கவில்லை.

மிதவையின் பெருக்கமே நோயின் பருவத்தை முழுதும் தீர்மானிக்கிறது என்று கொள்வதும் பிழை. பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களும் அதே நீரில் உள்ளன. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எர்னஸ்ட் ஹேன்கின் 1896இலேயே எழுதியிருந்தார். டாக்கா நகரின் நீர்நிலைகளை ஆராய்ந்து ஷா ஃபாரூக்கும் பிறரும் 2005இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த வைரஸ்கள் மிகுந்திருக்கும் காலத்தில் நோயாளிகள் குறைகின்றனர், அவை குறையும்போது நோய் எழுகிறது. ஒரு கொள்ளைநோய் உச்சத்தை எட்டியபின் தானாகவே தணிவதற்கு இவையும் காரணமாகலாம். விண்ணிலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் இந்த வைரஸ்கள் தெரிவதில்லை என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்வது நல்லது.

துடுப்புக்காலியும் செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது கடலின் நிறம் மட்டுமே. தாவர மிதவைகளில் உள்ள பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சை ஒளியைத் திருப்பிவிடுவதால், நீர்ப்பரப்பிலிருந்து மேலெழும் ஒளியில் இவ்விரு நிறங்களின் விகிதத்தை அளந்து நீரில் எவ்வளவு பச்சையம் உள்ளது என்று கணக்கிடலாம். 1997இல் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் கருவி செய்ததும், பின்னர் வந்த மோடிஸ் கருவிகளும், இந்தியாவின் ஓஷன்சாட் வரிசையும், ஐரோப்பாவின் சென்டினல்-3உம் செய்வதும் இதைத்தான். நுண்பாசி பெருகினால் சில வாரங்களில் அதை உண்ணும் விலங்கு மிதவை பெருகும். அது பெருகினால் விப்ரியோவுக்கு இடம் பெருகும். அந்த நீர் மனிதர் புழங்கும் இடத்தை அடைந்தால் நோய்க்கு வாய்ப்பு உண்டாகும். கடலின் மேற்பரப்பு வெப்பநிலைக்கும் நீர்மட்ட உயரத்துக்கும் வங்கதேசத்தின் நோயாளி எண்ணிக்கைக்கும் தொடர்பு இருப்பதை 2000ஆம் ஆண்டில் பிராட் லோபிட்ஸும் கோல்வெலும் பிறரும் காட்டினார்கள். அதன்பின் அந்தர்ப்பிரீத் ஜுட்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இரு பருவங்களுக்கும் இருவேறு வழிகள் உள்ளதாக விளக்கினர்: கோடையின் முகப்பில் கங்கையும் பிரம்மபுத்திராவும் வற்றி ஓடும்போது கடல்நீர் மிதவைகளோடு கழிமுகத்துக்குள் வெகுதூரம் ஏறிவருகிறது, மழைக்காலம் முடியும்போதோ வெள்ளம் குளத்தையும் கிணற்றையும் கழிவுநீரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு வங்காள விரிகுடாவே சான்று. உலகின் பெரும்பாலான கடற்பகுதிகளில் மேற்பரப்பு சூடேறினால், ஆழத்திலுள்ள சத்துக்கள் மேலே வரமுடியாமல் பச்சையம் குறையும். விரிகுடாவின் வடபகுதியிலோ வெப்பமும் பச்சையமும் சேர்ந்தே ஏறுகின்றன. ஏனென்றால் அங்குச் சத்தைக் கொண்டுவருவது ஆழ்கடல் அன்று, இமயத்திலிருந்து இறங்கும் ஆறுகள். ஓரிடத்துச் சூத்திரத்தை அப்படியே எடுத்து மற்றோரிடத்தில் பொருத்தினால் கணிப்பு தலைகீழாகிவிடும். அதோடு கலங்கிய கரையோர நீரில் வண்டலும், மக்கிய இலைதழையின் பழுப்புச் சாயமும் ஒளியை உறிஞ்சிப் பச்சையத்தின் கணக்கைக் குழப்புகின்றன. நோய் அச்சம் மிகுந்த மழைமாதங்களில் மேகமூட்டம் வேறு வாரக்கணக்கில் கடலை மறைத்துவிடுகிறது.

இத்தகைய தரவுகளையெல்லாம் கணினியிடம் கொடுத்து, எந்தச் சூழலுக்குப் பின் நோய் வந்தது என்பதை அதுவே கண்டுகொள்ளச் செய்யும் முறைக்கு எந்திரக் கற்றல் என்று பெயர். ஏமி கேம்ப்பெல், மேரி-ஃபேனி ரக்கோல் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 2010 முதல் 2018 வரை இந்தியாவின் 40 கரையோர மாவட்டங்களில் பதிவான காலராப் பரவல்களை, அந்தந்தக் காலத்தின் கடல் உவர்ப்பு, பச்சையம், நில வெப்பநிலை, மழை போன்றவற்றோடு பொருத்திப் பார்த்தார்கள். கற்பித்தபின் சோதித்ததில் அந்தக் கணிப்புமுறை 89.5 விழுக்காட்டுப் பரவல்களைச் சரியாகச் சுட்டியது. இதுபோன்ற ஆய்வுகளில் துல்லியம் என்று தரப்படும் எண்ணை வாசகர் சற்றே ஐயத்தோடு அணுகுவது நலம். எடுத்துக்காட்டாக, ஆயிரம் மாதப் பதிவுகளில் இருபதில் மட்டுமே நோய் பரவியிருந்தால், எப்போதும் பரவாது என்றே சொல்லிக்கொண்டிருக்கும் கணிப்புமுறைகூட 98 விழுக்காடு துல்லியமானதாகிவிடும். எனவே வந்த பரவல்களில் எத்தனையைப் பிடித்தது, எத்தனை முறை வீணாக எச்சரித்தது என்ற இரண்டு கேள்விகளே பொருளுடையவை. இதனினும் ஆழமான ஐயம் ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தில் நோய் பரவியும் யாரும் பதிவு செய்யவில்லை என்றால், அந்த மாதம் கணினிக்கு நோயற்ற மாதமாகவே கற்பிக்கப்படுகிறது. பதிவு செய்யாத மாவட்டத்தின் மௌனத்தைக் கணினி பாதுகாப்பு என்று புரிந்துகொள்கிறது.

கடலோரமே இல்லாத மேட்டுநிலங்களிலும் காலரா வருவதால், கணிப்பவர்கள் வேறு வகையான வாய்பாடு ஒன்றையும் உருவாக்க நேர்ந்தது. 2017இல் உள்நாட்டுப் போரால் குழாயும் கழிவுநீர் நிலையங்களும் சிதைந்த ஏமனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் காலரா ஐயத்தோடு பதிவாயினர். வழக்கத்தைவிடக் கூடுதலான வெப்பத்தைத் தொடர்ந்து பெருமழை பெய்து, நல்ல குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் நான்கு வாரங்களுக்குள் நோய் பரவும் வாய்ப்பை ஜுட்லா, கோல்வெல் குழுவின் முறை கணித்தது. 2017ஆம் ஆண்டுத் தரவுகளில் அது 92 விழுக்காடு துல்லியமாக இருந்தது என்று நாசா அறிவித்தது. 2018இல் பிரிட்டன் அரசும் அந்நாட்டு வானிலை ஆய்வு நிறுவனமும் மழை முன்னறிவிப்பைத் தர, யுனிசெஃப் எந்த வட்டாரத்துக்கு முதலில் குளோரின் மாத்திரைகளையும் சோப்பையும் அனுப்புவது என்று தீர்மானிக்க இது உதவியது. காலராக் கணிப்பு ஆய்வேட்டிலிருந்து இறங்கிக் களப்பணியாளரின் கைக்கு வந்த முதல் நேர்வுகளில் இதுவும் ஒன்று.

சூழலே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஹெய்ட்டி பலத்த அடி கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக் காலமாக உறுதியான காலராப் பதிவே இல்லாத அந்நாட்டில் 2010 அக்டோபரில் நோய் வெடித்தபோது, அவ்வாண்டின் நிலநடுக்கத்தையும் வெப்பத்தையும் கழிமுக நீரையும் காரணம் காட்டியவர்கள் இருந்தனர். ஆனால் கிருமியின் மரபணுத் தொடர் நேபாளத்தில் அப்போது உலவிய வகையோடு பொருந்தியது. ஐநா அமைதிப்படை முகாமின் கழிவு ஆர்ட்டிபோனைட் ஆற்றின் கிளையொன்றில் கலந்ததே தொடக்கம் என்பது நிலைநாட்டப்பட்டது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்று, பத்தாயிரம் பேரளவில் மடிந்தபின், 2016 டிசம்பரில் ஐநா பொதுச் செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆப்பிரிக்காவில் பரவிய காலரா வகைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான விரிவான மரபணு ஆய்வும், 1970க்குப் பின் நோய் அக்கண்டத்துக்குள் குறைந்தது 11 முறை வெளியிலிருந்து மனிதர்களோடு வந்து நுழைந்தது என்றே காட்டியது. நீர் இடம்கொடுக்கிறது, மனிதர் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எது முதன்மை என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை, வங்காளத்துக்கும் ஹெய்ட்டிக்கும் ஒரே விடை பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

மனிதரின் பயணமே கிருமியின் பயணம் என்றால், அதை அளக்கக் கைபேசியைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஹெய்ட்டியில் சுவீடனைச் சேர்ந்த லினஸ் பெங்ட்சன் முதலியோர், பெயர் நீக்கப்பட்ட சிம் கார்டுகள் எந்தக் கோபுரத்திலிருந்து எந்தக் கோபுரத்துக்கு நகர்ந்தன என்பதைக் கொண்டு, நோய் வெடித்த செயின்ட் மார்க் பகுதியிலிருந்து மக்கள் எங்கெங்கே சென்றார்கள் என்று கணக்கிட்டனர். தரவு கைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் இத்தகைய வரைபடத்தை நிவாரண அமைப்புகளுக்கு அளிக்க முடியும் என்றும் காட்டினர்.

நோயாளியின் படுக்கையருகே எண்முறைக் கருவி செய்யக்கூடியது இதைவிட எளிமையானது, உயிர்காப்பதில் இதைவிட உறுதியானது. கடும் காலராவில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கலாம். மருத்துவம் கிடைக்காவிட்டால் இத்தகையோரில் பாதிப்பேர் இறப்பர், கிடைத்தால் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இறப்பர். நடுவில் இருப்பது ஒரு கணக்கு. நீர்ச்சத்து முற்றும் வற்றிய 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு, கிலோவுக்கு 30 மில்லி வீதம் ஒன்றரை லிட்டர் திரவம் முதல் அரைமணியில் நரம்பு வழியே ஏற வேண்டும், எஞ்சிய மூன்றரை லிட்டர் அடுத்த இரண்டரை மணியில் ஏற வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிலோவுக்கு அதே மொத்த அளவை ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். கூடம் நிரம்பித் தாழ்வாரத்திலும் கட்டில் போட்டிருக்கும் இரவில், பயிற்சி மருத்துவர் இதை மனக்கணக்காகச் செய்வதைவிடக் கைபேசியில் வயதையும் எடையையும் கண்குழிவு, தோலின் தளர்ச்சி ஆகிய அறிகுறிகளையும் தட்டி விடை பெறுவது பாதுகாப்பானது. வங்கதேசத்தின் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இத்தகைய செயலியைச் சோதித்தபோது, தேவையின்றி ஆன்டிபயாட்டிக் எழுதுவதும் குறைந்தது. நோயாளி வீடு திரும்பியபின் நடப்பதும் முக்கியமானது. நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த முதல் ஏழு நாட்களில் அவர் வீட்டாருக்குத் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட நூறு மடங்குக்கு மேல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் மேரி ஜார்ஜும் டாக்காவின் வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தினரும் இதற்கென வகுத்த திட்டத்தில், டாக்டர் சோபி என்ற கற்பனை மருத்துவர் கைபேசியில் அழைத்துக் கைகழுவுவதையும் நீரைச் சுத்திகரிப்பதையும் ஓராண்டுக் காலம் நினைவூட்டிக்கொண்டிருந்தார். அவ்வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்கூடாகக் குறைந்தது.

நோயாளி கணக்கில் ஏறுவதுதான் இந்த முழு அமைப்பிலும் நலிந்த பகுதி. இந்தியாவில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு: கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறியை மட்டும் வைத்து நிரப்புவது ஒன்று, மருத்துவர் தம் ஊகத்தைக் குறிப்பது ஒன்று, ஆய்வகம் உறுதி செய்வது ஒன்று. வாரந்தோறும் மேலே சென்ற இத்தாள்கள், 2021 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தின் வழியே அன்றன்றே கணினியில் ஏற வழிசெய்யப்பட்டது. முதற்படிவத்தில் வயிற்றுப்போக்கு என்று மட்டுமே இருக்கும். அது காலராவா, ரோட்டா வைரஸா, கெட்டுப்போன உணவா என்பது மூன்றாம் படிவத்தில்தான் தெரியும். அதற்கு மலமாதிரியை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்து, கேரி-பிளேர் என்னும் ஊடகம் அடைத்த குழாயில் வைத்து ஆய்வகம் சேர்க்க வேண்டும். தட்டில் மஞ்சள் புள்ளி எழ ஒரு நாள், வகை பிரித்து உறுதி செய்ய மேலும் சிலநாள். செயற்கைக்கோளின் கண்ணைக் கூர்மையாக்க ஆகும் செலவில் சிறு பங்கை வட்டார மருத்துவமனைகளின் வளர்ப்புத் தட்டுகளுக்கும் குழாய்களுக்கும் ஒதுக்கினால் கணிப்புகள் அதிகம் செம்மையுறும் என்று கருத இடமுண்டு. எந்திரக் கற்றலின் ஆசிரியர் அந்த மூன்றாம் படிவமே.

நீரின் பக்கத்திலும் நிலத்தில் நின்று அளப்பவர்கள் தேவைப்படுகிறார்கள். கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் கொச்சி ஆய்வு நிறுவனங்களும் பிரிட்டனின் பிளிமத் கடலாய்வகமும் சேர்ந்து செய்த பணி இவ்வகையில் கவனிக்கத்தக்கது. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாட்டைக் காக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணை, வறண்ட மாதங்களில் மூடப்பட்டுக் கடல்நீரை நிறுத்துவதும் பின் திறக்கப்படுவதுமாக, ஏரியின் உவர்ப்பை ஆண்டுதோறும் செயற்கையாக ஏற்றி இறக்குகிறது. ஏரியைச் சுற்றி வாழும் மக்கள் அந்நீரிலேயே குளித்துப் பாத்திரம் துலக்குகிறார்கள். முப்பரிமாண அச்சில் வார்த்த கையடக்கத் தட்டு ஒன்றை நாடாவில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்து, நீரின் நிறத்தை 21 நிறங்கள் கொண்ட அளவுகோலோடு ஒப்பிட்டு, இரண்டையும் கைபேசிச் செயலியில் பதியும் பயிற்சி பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டது. தட்டு இறக்கும் முறை ஆஞ்செலோ செக்கி என்னும் பாதிரியார் 1865இல் மத்தியதரைக் கடலில் கையாண்டதுதான். மேகம் மறைத்த நாளிலும் கலங்கிய நீரிலும் இந்த அளவுகள் கிடைக்கும். செயற்கைக்கோளின் கணக்கைச் சரிபார்க்கவும் அவை பயன்படும்.

இவ்வளவு முன்னறிவிப்பும் எதற்கு என்ற கேள்வி 2022இல் கூர்மையாக எழுந்தது. வாய்வழிக் காலராத் தடுப்பூசிக்கென 2013 முதல் உலகளாவிய கையிருப்பு ஒன்று பேணப்படுகிறது. பல நாடுகளில் ஒரே காலத்தில் நோய் எழுந்து கையிருப்பு வற்றியதால், 2022 அக்டோபரில் இரண்டு தவணைக்குப் பதில் ஒரே தவணை போதும் என்று முடிவெடுக்க நேர்ந்தது. இந்நிலையில் தவறான எச்சரிக்கை ஒன்றை நம்பி ஒரு மாவட்டத்துக்கு அனுப்பும் மருந்து, இன்னொரு மாவட்டத்துக்கு இல்லாமல் போகும் மருந்தாகிறது. குளோரின் மாத்திரையும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் வீணாக அனுப்பப்பட்டால் பெரிய நட்டமில்லை. அவற்றுக்கு நான்கு வார எச்சரிக்கையே மிகுதி, கணிப்பு வரைபடத்தில் ஆபத்தைக் காட்டும் சிவப்பு தெரிந்த அன்றே வண்டி கிளம்பலாம். தடுப்பூசிக்கு அந்தச் சிவப்பு மட்டும் போதாது. அவ்வட்டாரத்திலிருந்து வந்த மாதிரிகளில் சிலவேனும் தட்டில் மஞ்சள் புள்ளியாக வளர்ந்திருக்க வேண்டும்.